ஆளோடு வாங்கிய வீடு

வாடகைக்கு விடுவதற்காக நான் வாங்கிய முதல் வீடு, விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின் தெருவில் இருக்கிறது. வாங்கிவிட்டு ஆள் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தோடுதான் பார்க்கப் போனேன். அதில் ஏற்கெனவே ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. தரகர் வாசலில் போன் பேசிக்கொண்டிருக்க, பொம்மைக் கம்பெனியில் வேலை செய்யும் அந்த வீட்டு அம்மாதான் சுற்றிக் காட்டினார்.

"மழ பேஞ்சா இந்த மூல ஒழுவுங்க. பின்னால பாம்பு வருங்க."

சொல்லிவிட்டு டீ கொடுத்தார்.

"நான் வாங்கினாலும் நீங்களே இருக்கலாம். எனக்கும் ஆள் தேடுற வேலை மிச்சம்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "காலி பண்ணச் சொல்ல மாட்டீங்களே?"

"மாட்டேங்க."

"அப்ப ஒழுவாதுங்க. பாம்பும் வராது. முன்ன பாக்க வந்தவங்கல்லாம் வூட்டக் காலி பண்ணித் தரச் சொன்னாங்க. அதான்."

எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. வாங்கிவிட்டேன்.

அடுத்த வருடம் அவரே போன் செய்தார். "பக்கத்து வூடு வெலைக்கு வருதுங்க. நீங்களே வாங்கிடுங்க. குடி வர என் தங்கச்சி ரெடியா இருக்கா."

அந்த வீட்டில் இப்போது தங்கச்சி இருக்கிறார்.