மொட்டைத் தலையும் மூன்று மாத விசாவும்

காலை எட்டு மணிக்குப் பழனியில் பஸ் ஏறும்போது என் தலையில் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை. மீசையும் போயிருந்தது. பாஸ்போர்ட் கைக்கு வந்தால் முடி தருகிறேன் என்று முருகனுக்கு நேர்ந்திருந்தேன். வந்தது, கொடுத்தேன். அங்கிருந்து திண்டுக்கல் முப்பத்தாறு மைல். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மூட்டைகளை பஸ்ஸின் தலையில் ஏற்றினார்கள். எங்கள் ஊர் ரெட்டியார்சத்திரம் வழியில்தான் இருக்கிறது என்றாலும் நான் இறங்கவில்லை. அன்று ராத்திரி ரயிலில் மெட்ராஸ் போய் சிலோன் விசா வாங்க வேண்டியிருந்தது.

என் அக்கா வள்ளி கண்டியில் இருந்தாள். அத்தானுக்கு அங்கே மளிகைக் கடை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அப்போதுதான் உண்டாகியிருந்தாள். ஊருக்கு வந்தால் மறுபடி உள்ளே விடுவார்களோ என்னவோ என்று அவளுக்குப் பயம். அப்பா அம்மாவுக்கோ கடல் தாண்டத் தெம்பில்லை. வளைகாப்புக்குத் தாய்வீட்டு வளையலை நான்தான் கொண்டுபோக வேண்டும். விசா கிடைக்காவிட்டால் அக்கா அன்றைக்கு யாருமற்றவளாக உட்கார்ந்திருப்பாள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் காதர் பாய் காத்திருந்தார். தோல் வியாபாரி. மெட்ராஸ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. துணைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். என்னைப் பார்த்ததும் பாஸ்போர்ட்டை வாங்கிப் பிரித்தார். அதில் சுருள் முடியும் முறுக்கு மீசையுமாக ஒருவன் முறைத்துக்கொண்டிருந்தான்.

"ஏன் மாப்ளே, இந்த ஆளை எங்க விட்டுட்டு வந்தே?"

"நேத்திக்கடன் பாய்."

"விசா வாங்கிட்டுக் குடுத்தா என்ன? முருகன் மலையை விட்டு எங்கயும் ஓடியா போயிருவாரு?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். தற்காலிக விசாவுக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று போகாதவர்களுக்குச் சொல்கிறேன். பாஸ்போர்ட், அங்கிருந்து அத்தான் எழுதிய பொறுப்புக் கடிதம், அம்மை குத்திக்கொண்ட சர்டிபிகேட், திரும்பி வரக் காசு, புதுப் போட்டோ, பிறகு பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே முகம். அந்தக் கடைசிச் சாமானைத்தான் பழனியில் சிரைத்துவிட்டு வந்திருந்தேன்.

பாய் என்னை ஒரு ஸ்டுடியோவுக்கு இழுத்துப் போய், சந்தனத்தைத் துடைத்துவிட்டு, மொட்டையோடு புதுப் படம் எடுக்க வைத்தார். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் என் தலையைப் பார்த்து, "அப்பாவா, அம்மாவா?" என்று மெதுவாகத் துக்கம் விசாரித்தார். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, இது பழனி மொட்டை" என்றேன். பாய் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

மறுநாள் பதினோரு மணிக்கு விசா ஆபீசில் என் முறை வந்தது. அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"படத்திலை இருக்கிறது நீர்தானோ?"

"நாந்தாங்க. சாமிக்கு முடி குடுத்தேன்."

"ஆரும் அப்பிடிச் சொல்லலாம்."

அவர் பாஸ்போர்ட்டை மறுபடி வரி வரியாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. "தலையை இந்தப் பக்கம் திருப்பும்" என்றார்.

அங்க அடையாளம் என்று ஒரு வரி அதில் உண்டு. இடது காதுக்கு மேலே ஒரு தழும்பு என்று எழுதியிருந்தது. விண்ணப்பம் எழுதியபோது முடியை விலக்கிக் காட்டியதை நான் மறந்தே போயிருந்தேன். இப்போது விலக்க அங்கே ஒன்றும் இல்லை. பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டும். அதிகாரி சிரித்துவிட்டார்.

"எப்ப திரும்புவீர்?"

"அக்கா புள்ளையைப் பாத்துட்டு வந்துருவேங்க. தோட்டத்துல தக்காளி நட்டிருக்கேன்."

மூன்று மாதத்துக்கு முத்திரை விழுந்தது.

ஊருக்குத் திரும்பி வளையல்களைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு, திண்டுக்கல்லில் மறுபடி ரயில் ஏறினேன். மலைக்கோட்டை பின்னால் போவதைப் பார்த்தபோது துக்கமாக இல்லை, திரும்பி வரப் போகிறவன்தானே. தனுஷ்கோடியில் கப்பல். தலைமன்னாரில் மறுபடி ரயில்.

கண்டி ஸ்டேஷனில் அத்தானோடு அக்கா நின்றிருந்தாள். என் தலையைப் பார்த்தவள் முகம் இருண்டு அத்தான் தோளைப் பிடித்துக்கொண்டாள். சந்தனம் இல்லாத மொட்டை துக்க மொட்டையாகத்தான் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தம்பி, அப்பாவா?"

"அப்பா நல்லா இருக்காருக்கா. இது பழனி மொட்டை."

அக்கா என் டிரங்குப் பெட்டி மேலேயே உட்கார்ந்து அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு என்னைக் குனியச் சொல்லி, காதுக்கு மேலே விரலை வைத்தாள். சிறு வயதில் புளியங்காய்க்கு அவள் எறிந்த கல் விழுந்த இடம்.

"இன்னும் இருக்கா இது?"

"அதைக் காட்டித்தான்க்கா உள்ள வந்தேன்" என்று நடந்ததைச் சொன்னேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப, அன்னைக்கு அப்பாகிட்ட நான் வாங்குன அடி வீண் போகலடா" என்றாள்.