படத்திலிருந்து எடுத்த பச்சைச் சேலை

“…அதுவும் வெறும் சிவப்பில்லை, காய்ஞ்ச மிளகாய்ச் சிவப்பு. அதைக் கிட்ட வைச்சால்தான் இந்தப் பச்சைக்கு உயிர் வருது, பாத்தியே?” என்றார் சின்னம்மா. ஒரு கையில் அரிக்கன் லாம்பு. மற்றக் கையில், அம்மாளாச்சியின் படத்தை மூடியிருந்த வெள்ளைத் துணியின் நுனி.

நான் பார்க்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். தம்பி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வீடு முழுக்கத் தீட்டு, துடக்கு. முப்பத்தொன்றாம் நாள் கழியுமட்டும் சாமிப் படத்துக்கு விளக்கு வைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது, முன்னால் நின்று பார்க்கவும் கூடாது என்று அம்மாதான் அதைத் துணியால் மூடச் சொல்லியிருந்தார். சின்னம்மாவோ அடுப்பிலிருக்கிற கறியைத் திறந்து பார்ப்பதுபோல அதைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கும்பிடுவதற்கென்றாலும் பரவாயில்லை. அவர் பார்த்தது சேலையின் நிறத்தை.

சின்னம்மா அம்மாவின் கடைசித் தங்கச்சி. பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக யாழ்ப்பாணத்திலிருந்து உருத்திரபுரத்துக்கு, எங்களுடைய குடியேற்றக் காணிக்கு வந்திருந்தார். மூன்று சேலை, நாலு சட்டை, ஒரு மஞ்சள் துவாய், இவ்வளவுதான் அவருடைய பெட்டிக்குள். ஆனால் ஒருநாள் உடுத்த மாதிரி மறுநாள் உடுக்கமாட்டார். எங்கே ஒரு படத்தைக் கண்டாலும் அதற்கு முன்னால் நின்றுவிடுவார். விசுக்கோத்துத் தகரப் பேணி மூடியில் ஒரு வெள்ளைக்காரி மரத்தடியில் இருந்தாள். அடுத்த நாள் எனக்கு மண்ணிறப் பாவாடை, பால்நிறச் சட்டை, தலையில் இலைப்பச்சை ரிப்பன். முல்லைத்தீவிலிருந்து கருவாடு கொண்டுவருகிற அக்காவின் பைக்குள் ஒரு மாதா படம் இருந்தது; அதைப் பார்த்த அன்று பின்னேரமே சின்னம்மா வெள்ளைச் சேலைக்கு மேல் அப்பாவின் நீலச் சால்வையைப் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார். “படம் கீறினவன் நிறத்தை யோசிச்சுத்தானே வைச்சிருப்பான். அவன் பட்ட பாட்டை நாங்கள் சும்மா எடுத்து உடுக்கலாம்,” என்பார்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. காரணம் இருந்தது. அப்பா அந்தக் கிழமை ஊருக்குப் போனதே சின்னம்மாவுக்குச் சம்பந்தம் பேசத்தான். மாப்பிள்ளை ஒரு வாத்தியார். அவருடைய சொந்தக்காரர் சிலர் வட்டக்கச்சியில் இருந்தார்கள். பெண் எப்படி என்று அவர்கள் கட்டாயம் எங்கள் பக்கத்தில் விசாரிப்பார்கள். அம்மா அறைக்குள் கிடந்தபடியே சொல்லிக்கொண்டிருப்பார்: “மெல்லக் கதை. மெல்லச் சிரி. வேலிக்கு வெளியாலை ஒழுங்கையிலை நில்லாதை. உன்ரை கோலங்களை ஒரு மாதத்துக்குப் பெட்டியிலை போட்டுப் பூட்டு.”

அப்பா இல்லாத அந்த நாட்களில்தான் எங்கள் வயலுக்குத் தண்ணி முறை வந்தது. விடியுமுன் வாய்க்காலுக்குப் போய், அயல்காரரின் வயலுக்குத் தண்ணி பாயும் வக்கடையை மண் வைத்து அடைத்து, எங்கள் பக்கம் திறக்கவேண்டும். சின்னம்மாவும் நானும் போனோம். படத்தில் கண்டதை உடுக்க, ஆள் முகம் தெரியாத அந்த நேரம்தான் அவருக்கு வாய்த்தது. பச்சைச் சேலை, சிவப்புச் சட்டை, இடுப்பைச் சுற்றி மஞ்சள் துவாய். தலையை முடியவும் நேரமில்லை. காதடியில் இரைகிற நுளம்பை அடிக்க வழியில் ஒரு வேப்பங்கொத்தை முறித்துக்கொண்டார்.

“சின்னம்மா, அம்மாளாச்சி கோவிக்கமாட்டாவே?”

“ஏன் கோவிக்கிறா? அவவின்ரை சேலையையே நான் களவெடுத்தனான்?”

வயலில் பனி முட்டியிருந்தது. சின்னம்மா வாய்க்கால் கட்டில் ஏறி லாம்பைத் தூக்கிப் பிடித்தார். நான் பின்தங்கி நின்றேன். வெளிச்சம் கீழிருந்து அவருடைய முகத்தில் பட்டபோது அது எனக்குத் தெரிந்த முகமாக இருக்கவில்லை. அவர் திரும்பி, வேப்பங்கொத்துப் பிடித்த கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை. அப்போதுதான் பக்கத்து வயலின் காவல் கொட்டிலில் ஏதோ பொத்தென்று விழுந்த சத்தம் கேட்டது. பன்றியாக்கும் என்றார் சின்னம்மா. அவசரமாக வக்கடையைத் திறந்துவிட்டு, நிலம் வெளிக்கமுன் வீட்டுக்கு ஓடிவந்தோம்.

விழுந்தது பன்றியில்லை. பக்கத்துக் காணி மாமா.

அவருக்கு முதல் நாளே காய்ச்சல். பன்றி வயலை உழக்குமென்று பயந்து அதோடேயே காவலுக்குப் போயிருந்தார். அன்று மத்தியானம் மாமி எங்கள் வாசல் படலையில் நின்று அழுதார். துடக்கு வீடென்றபடியால் உள்ளே வரவில்லை. “அம்மாளாச்சி வந்தவாவாம், தங்கச்சி. பச்சையும் சிவப்பும் உடுத்து, கையிலை வேப்பிலையோடை வாய்க்காலிலை நிண்டு, வா எண்டு கையைக் காட்டினவாவாம். நான் போகப்போறன் எண்டு சொல்லிக்கொண்டு கிடக்கிறார். ஆசுப்பத்திரி அப்போதிக்கரி தந்த மருந்தை வாயிலை வைக்கிறாரில்லை. அம்மாளாச்சி கூப்பிட்டாப் பிறகு மருந்து குடிச்சால் அவவை மறுத்த மாதிரியாமே. பின்னாலை ஒரு குட்டிப் பூதமும் நிண்டதாம்.”

நான்தான் அந்தக் குட்டிப் பூதம். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்னம்மாவைப் பார்த்தேன். அவர் படலையைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். “ஒருத்தருக்கும் வாய் திறக்கக்கூடாது. கொம்மாவுக்கும். விளங்குதே? ரெண்டு நாளிலை அவருக்கு எல்லாம் மாறிவிடும்.”

மாறவில்லை. அந்த மூன்று நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. துணி மூடிய படத்துக்கு முன்னால் போகவேண்டி வந்தால் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு போவேன். துணி அசைந்தால் காற்றென்று நம்ப மனம் வராது. அம்மாளாச்சி துடக்கு வீட்டில் தன்னைத் திறந்து பார்த்ததற்கு எங்களைத் தண்டிக்கத்தான் மாமாவை எடுக்கிறா, அவர் முடிந்த பிறகு சின்னம்மா, அதற்குப் பிறகு நான் என்று ஒழுங்கெல்லாம் எனக்குள்ளேயே போட்டுவைத்திருந்தேன். தம்பி தும்மினால்கூட ஓடிப்போய்ப் பார்ப்பேன். வேலிக்கு அந்தப் பக்கம் மாமா பிதற்றுவது கேட்கும். “வாறன், வாறன்” என்பார், யாரோ அவசரப்படுத்துவதுபோல.

மூன்றாம் நாள் அப்போதிக்கரி சைக்கிளில் வந்து போனார். இன்றைக்கும் மருந்து உள்ளே போகாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்று படலையில் நின்று சொன்னது எங்கள் குசினிக்குக் கேட்டது. சின்னம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்தார். கையைக் கழுவினார். பெட்டியைத் திறந்து பச்சைச் சேலையை எடுத்தார்.

“சின்னம்மா, வேண்டாம்,” என்றேன். அழுகை வந்துவிட்டது. அம்மாளாச்சியாக வேஷம் போட்டு அவரை ஏமாற்றப் போகிறார், அதோடு எல்லாரும் முடிந்தோம் என்று நினைத்தேன்.

“நீயும் வா,” என்றார். “அண்டைக்குப் போட்ட பாவாடையைப் போடு.”

நல்ல வெயில். வரம்பால் போனால் கிட்ட. ஒருவரும் காணவும் மாட்டார்கள். சின்னம்மா ஒழுங்கையால் போனார். மாமி வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். கதை பட்டென்று நின்றது. பாயில் கிடந்த மாமா சின்னம்மாவைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிடப் பார்த்தார். கை நெஞ்சில் விழுந்தது.

சின்னம்மா பக்கத்தில் குந்தினார். “அண்ணை, இது நான். பக்கத்து வீட்டுத் தங்கச்சி. அண்டைக்கு வாய்க்காலிலை நிண்டது நான்தான்.”

“இல்லை. நீங்கள் என்னைச் சோதிக்கிறியள்.”

“தண்ணி மாத்த வந்தனான். கையைக் காட்டினது உங்களுக்கில்லை, இவளுக்கு.” என்னை இழுத்து முன்னால் விட்டார். “பயந்து பின்னுக்கு நிண்டவள்.”

மாமா என்னை நெடுநேரம் பார்த்தார். கண் சிவந்திருந்தது. பிறகு அவர் கேட்ட குரல், கேட்டது கிடைக்காத பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. “அப்ப அம்மாளாச்சி என்னைக் கூப்பிடேல்லையோ?”

“இல்லை அண்ணை. கூப்பிடேல்லை. நீங்கள் இருங்கோ.”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரத்தால் திரும்பி வாயைத் திறந்தார். சின்னம்மா மருந்தை ஊற்றினார். தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். அங்கேயிருந்த மற்ற எல்லோரும் பார்த்தது சேலையை.

“துடக்கு வீட்டிலையிருந்து இதை உடுத்துக்கொண்டே பிள்ளை போனனி?” என்று மாமி கேட்டார்.

“ஓம், அக்கா.”

“ஏன்?”

“வடிவாயிருந்தது.”

வந்த ஒழுங்கையாலேயே திரும்பினோம். மூன்று நாளுக்குப் பிறகு எனக்குப் பசித்தது. சின்னம்மாவின் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடினேன். மாமா மருந்து குடித்துவிட்டார், இனி ஒருவரும் சாகமாட்டார்கள் என்று அறை வாசலில் நின்று அம்மாவுக்கு ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா நான் நினைத்ததுபோல் சந்தோஷப்படவில்லை. “அங்கை ஆர் ஆர் இருந்தவை?” என்று மட்டும் கேட்டார்.

நான் விரல் மடக்கி ஒவ்வொருவராகச் சொன்னேன். சுகம் விசாரிக்க வட்டக்கச்சியிலிருந்து வந்திருந்த, பெரிய தோடு போட்ட யாரோ ஒரு அம்மாவையும் விடவில்லை. அவவைச் சொன்னதும் அம்மா தம்பியை அணைத்தபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. தம்பி கடித்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

சின்னம்மா எனக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிறகு குசினிக்குள் போய்ச் சுளகை எடுத்துக்கொண்டு வந்தார். உடுப்பை மாற்றவில்லை. ஒழுங்கையால் போகிற வருகிற எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முற்றத்தில் காலை நீட்டி இருந்து, இரவுச் சோற்றுக்கு அரிசி புடைக்கத் தொடங்கினார்.