என் மகள் கை காட்டிய பூசணிப் பிஞ்சு

ஐம்பதுகளின் நடுவில், குருபரப்பள்ளியில் ரோட்டோரமாக என் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்த சமயத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு மூன்று. வீட்டுக்குள் இரண்டும் போட்ட அமளி தாங்காமல், புழக்கடையில் பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் ஆளுக்கொரு பூசணி விதை ஊன்றச் சொன்னேன். மறுநாள் காலையிலேயே முளைத்துவிட்டதா என்று தோண்டிப் பார்த்தார்கள். அதற்கடுத்த நாளும் தோண்டினார்கள். அப்படியும் மகளின் விதை பிழைத்து, கொடி மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் ஏறிவிட்டது. சின்னச் சொம்பில் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றி வளர்த்தது அவள்தான்.

அந்த நேரம் பார்த்து நாகரசம்பட்டியிலிருந்து என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா, வந்து தங்கினார். ஒரு நாள் மகள், "அம்மா, குட்டிப் பூசணி!" என்று இலைக்கடியில் கை நீட்டிக் காட்டிக் குதித்தாள். நாத்தனார் பாய்ந்து வந்து அந்தக் கையிலேயே ஓர் அடி வைத்தார்.

"பிஞ்சை வெரல் நீட்டிக் காட்டலாமாடி? அழுவிப் போயிடும்!"

எங்கள் பக்கம் அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. காட்டியே ஆகவேண்டும் என்றால் விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் தெரியுமா? பெரியவராயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க விடாத தூறல். பிஞ்சு மஞ்சளாகி அழுகி விழுந்தது. போதாதா அந்த அம்மாளுக்கு? "எங்க தம்பி மவ கை ஆவாத கை" என்று தெருவில் தண்டோரா போடாத குறைதான்.

பக்கத்து வீட்டில் அவரைக்கொட்டை ஊன்றினார்கள். முதல் விதையைச் சின்னப் பிள்ளையின் கையால் போடச் சொல்வது வழக்கம். எப்போதும் என் மகளைத்தான் கூப்பிடுவார்கள். அன்றும் ஆசையாய் ஓடியிருக்கிறாள். "நீ வேணாம் கண்ணு, தம்பிய வரச் சொல்லு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வந்தவள் அழவில்லை. சாப்பிட உட்கார்ந்து, தட்டைத் தொடாமலே கேட்டாள்.

"இந்தக் கையால சோத்தத் தொடலாமாம்மா?"

எனக்கு உச்சந்தலை பற்றிக்கொண்டது. ஏணியைச் சாத்திக் கொட்டகைக் கூரைமேல் ஏறினேன். கீழேயிருந்து யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், அங்கேயும் பிஞ்சுகள் அழுகிக் கிடந்தன. மடியில் பொறுக்கிக்கொண்டு வந்து நாத்தனார் முன்னால் கொட்டினேன்.

"இதையெல்லாம் யாரு கை காட்டினாங்க, அண்ணி?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "மனசுல நெனச்சிருப்பா" என்றார்!

எப்படி இருக்கிறது நியாயம்? வாசலுக்குப் போய்த் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரையும் கூட்டிவந்தேன். தூறல் விட்டபின் பிடித்த புதுப் பிஞ்சுகள் இரண்டு கொடியில் இருந்தன. "நல்லா வெரல நீட்டிக் காட்டுங்க!" என்றேன். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கத்திக்கொண்டு அதுகள் போட்டி போட்டுக் காட்டின. நாத்தனார் "ஐயய்யோ" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். என் மகள் மட்டும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். எவ்வளவோ கெஞ்சியும் நீட்டவில்லை.

ஒரு பிஞ்சு உதிர்ந்தது. இன்னொன்று ஒரு ஆளால் தூக்க முடியாத அளவுக்குப் பெருத்தது. நாத்தனாரே கூட்டு வைத்து, "நல்லாத் தித்திக்குது" என்று சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். ஊருக்குப் போகும்போது பாதியை வெட்டி எடுத்துக்கொண்டும் போனார். சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

அந்த மகள் இன்று பிள்ளைகளைப் பெற்றவள். கிருஷ்ணகிரியில் வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போட்டிருக்கிறாள். விதை ஊன்றுவது பிள்ளைகள்தான்; இவள் தள்ளி நின்று சொல்லிக் கொடுப்பாள். போன தடவை போயிருந்தபோது, "பூசணி பிஞ்சு விட்டிருக்குதாமே, எங்கேடி?" என்று கேட்டேன். "அதோ" என்று மோவாயால் காட்டினாள். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. நாத்தனாரை அன்று நான் ஜெயித்துவிட்டதாகத்தான் தெருவே பேசியது. ஆனால் ஒரு குழந்தையின் கைக்குள் புகுந்துவிட்ட சொல்லைப் பெற்ற தாயாலும் வெளியே எடுக்க முடியவில்லையே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.