தன் பூட்டிடம் தோற்ற நோண்டி

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் நோண்டி. கையில் அகப்பட்ட எதையும் நோண்டிப் பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் வந்த பட்டம். மடிக்கணினி செய்யும் நிறுவனம் அது. அதன் இயங்குதளத்தில் கெர்னல் என்ற பகுதியை எழுதுவது அவள் வேலை. கெர்னல் என்பது கணினிக்கு அடிவயிறு மாதிரி. வெளியே தெரியாது, அது கலங்கினால் எல்லாம் கலங்கும்.

ஒரு கூட்டத்தில் அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கோப்புகளைச் சேமிக்கும் வட்டில் இருப்பதை எல்லாம் குறியாக்கம் செய்து பூட்டுகிறோம், ஆனால் அந்தப் பூட்டின் சாவி கெர்னலின் மடியில், நினைவகத்தில், திறந்தபடி கிடக்கிறது. வீட்டைப் பூட்டிச் சாவியை மிதியடிக்கு அடியில் வைப்பதுபோல் இருக்கிறது என்றாள். மின்சாரம் போனால் நினைவகம் எல்லாவற்றையும் மறந்துவிடுமே என்றார் மேலாளர். உடனே மறக்காது, குளிர வைத்தால் இன்னும் தாமதமாகத்தான் மறக்கும் என்றாள் இவள். மேலாளருக்கு எரிச்சல்.

"முடிஞ்சா என் லேப்டாப்பத் திறந்து காட்டும்மா. அப்புறம் பேசலாம்."

இவளிடம் போய் அப்படிச் சொல்லலாமா? மறுநாள் அவர் மூடியை மட்டும் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார். கணினி தூங்கிக்கொண்டிருந்தது, அணையவில்லை. விசைப்பலகைத் தூசியை ஊதும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்தால் காற்றுக்குப் பதில் பனி பீய்ச்சும். அடிமூடியைக் கழற்றி, நினைவகப் பட்டை வெள்ளை பூக்கும்வரை அடித்தாள். சட்டென்று உருவி, தயாராக வைத்திருந்த வேறொரு கணினியில் செருகினாள். மறக்க நேரம் கிடைக்காத நினைவகத்திலிருந்து சாவியைப் பொறுக்கி எடுத்து, அதை வைத்து வட்டைத் திறந்தாள்.

மேலாளர் திரும்பி வந்தபோது கூட்ட அறையின் பெரிய திரையில் அவரே இருந்தார். தலை முழுக்க முடிச்சாயம், மேலே பிளாஸ்டிக் உறை, நாற்காலியில் வாய் பிளந்த தூக்கம். அவர் திரைக்குப் பக்கத்தில் போய்ப் படத்தைப் பார்த்தார்.

"இது என் பொண்டாட்டி எடுத்தது," என்றார். "சரி, எப்படி வெளிய வந்துச்சு?"

அந்த வாரம் முழுக்க அவளிடம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாரக் கடைசியில், சாவி கசிந்த வழியை அடைக்கும் வேலையை அவள் தலையிலேயே கட்டினார்.

அவள் செய்தது இதுதான். கணினியின் பாகங்களை எல்லாம் இணைக்கும் தாய்ப்பலகையில் ஏற்கெனவே ஒரு பாதுகாப்புச் சிப் உண்டு. உண்மையான சாவி இனி அதற்குள் மட்டுமே பிரியும். கெர்னலுக்குக் கிடைப்பது சாவியை உள்ளே வைத்து முத்திரையிட்ட பொட்டலம். தேவைப்படும்போது கெர்னல் அதைச் சிப்பிடம் நீட்டும். சிப் தனக்குள்ளேயே பிரித்து, வட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குறியாக்க மின்சுற்றுக்குச் சாவியை நேராகக் கொடுத்துவிடும். கெர்னல் தபால்காரர் மாதிரி. உறைக்குள் என்ன என்று அதற்கே தெரியாது. நினைவகத்தைச் சுரண்டினாலும் பொட்டலம்தான் மிஞ்சும், வேறொரு பலகையில் அது குப்பை. சொல்வதற்குச் சுலபம். செய்யும்போது, தூங்க வைத்த கணினிகள் கும்பகர்ணனாகிப் பல வாரம் அவளை அழ வைத்தன. கடைசியில் பனி டப்பாவோடு அவளே தாக்கிப் பார்த்தாள். தோற்றாள். அன்றைக்கு அவளைவிடச் சந்தோஷமான ஆள் அந்தக் கட்டடத்தில் இல்லை.

வீட்டில் அவளும் அக்காவும்தான். அக்கா ஒரு நாடகக் குழுவுக்கு உடை தைப்பவள். சோதித்துப் பார்க்கட்டும் என்று புதுக் கெர்னல் போட்ட கணினி ஒன்றை நோண்டி அவளுக்குக் கொடுத்தாள். நடிகர்களின் அளவுகளை எல்லாம் அக்கா அதில் ஏற்றிவைத்தாள். பிறகு ஒருநாள் இஸ்திரிப் பெட்டியின் தண்ணீர்த் தொட்டி அதன்மேல் கவிழ்ந்தது. பலகை செத்தது. வட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இது ஒரு வேலையா என்று சிரித்துக்கொண்டே நோண்டி வட்டைக் கழற்றினாள். சிறிது நேரத்தில் சிரிப்பு நின்றது. பொட்டலம் கையில் இருக்கிறது. பிரிக்கத் தெரிந்த ஒரே சிப், செத்த பலகையில்.

"என்னடி, வந்துச்சா?"

"வராதுக்கா."

"நீதானே பண்ணுன?"

"நான் பண்ணுனதாலதான் வராது."

அக்கா திட்டவில்லை. இன்ச் டேப்பை எடுத்து அவள் கழுத்தில் மாலையாகப் போட்டாள். நாடகம் நெருங்கிவிட்டது, எல்லோருக்கும் மறுபடி அளவெடுக்க வேண்டும்.

ராஜா வேடக்காரர் தொப்பைக்குப் பேர்போனவர். ஏற்கெனவே அளவு கொடுத்தாயிற்றே என்றார். அது பத்திரமாக இருக்கிறது, ஆனால் யாராலும் பார்க்க முடியாது என்று நோண்டி விளக்கினாள்.

"அப்போ என் இடுப்பு எவ்வளவுன்னு யாருக்குமே தெரியாதா?"

"எனக்கே தெரியாது சார்."

"ரொம்ப நல்ல பூட்டும்மா," என்றார் அவர், நெஞ்சாரச் சொன்னார். சொல்லிவிட்டு மூச்சை இழுத்து வயிற்றை முதுகோடு ஒட்டிக்கொண்டார். டேப் காட்டியதை நோண்டி அப்படியே குறித்துக்கொண்டாள்.

முதல் நாள் மேடையில், போர்ப் பிரகடனத்தின் உச்சத்தில், ராஜாவின் இடுப்புப் பொத்தான் தெறித்து முன்வரிசையில் ஒருவர் மடியில் விழுந்தது. ராஜா ஒரு கையால் அங்கியைப் பிடித்தபடி மறு கையால் வாளை ஓங்கினார். நாடகத்தில் உள்ளதுதான் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். திரைக்குப் பின்னால் அக்கா தங்கையைப் பார்த்த பார்வையில் கஞ்சி போடாத துணியும் விறைத்திருக்கும்.

மறுநாள் நோண்டி மேலாளர் முன் நின்றாள். சிப் செத்தாலும் திறக்க இன்னொரு வழி வேண்டும்; சாவியின் இரண்டாவது பொட்டலம் ஒன்று, உரிமையாளர் கையில் மட்டும் இருக்கும் மீட்புக் குறியீட்டால் கட்டியது, வட்டிலேயே இருக்கட்டும் என்றாள்.

"பூட்டைப் பலமாப் போட்டதும் நீ, இப்போ இன்னொரு கதவு கேக்குறதும் நீயா?"

வேறு வழியில்லாமல் பொத்தான் கதையைச் சொன்னாள். முடிச்சாயத் தலை மேசையில் கவிழும் அளவுக்கு அவர் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, செய் என்றார்.

இப்போது அந்த நிறுவனத்தின் கணினியை முதல்முறை திறந்தால் ஒரு நீளமான மீட்புக் குறியீடு வரும். எழுதிவைத்து, திருப்பித் தட்டச்சு செய்தால்தான் மேலே போக விடும். தொல்லை என்று திட்டுபவர்கள் நிறைய. நோண்டி எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அடுத்த நாடகத்துக்கு அளவெடுக்க ஆள் வேண்டுமா என்று அவளே அக்காவிடம் கேட்டிருக்கிறாள். வேண்டும்தான், ஆனால் ராஜாவை மட்டும் பேச்சுக் கொடுத்துச் சிரிக்க வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.