சாம்பிராணி மேல் போட்ட பழி

அபுதாபி பக்கம் ருவைஸில் எங்கள் கராஜின் பின்பக்கம் கஃபீலின், அதாவது எங்களுக்கு விசா கொடுத்த அரபி முதலாளியின், பழைய மோட்டார் வீடு ஒன்று நின்றது. உள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் வைத்த பெரிய வண்டி. எங்களோடு வேலை பார்த்த வெல்டரின் மனைவி கைக்குழந்தையோடு விசிட் விசாவில் வந்திருந்தாள். வெளியே அறை எடுக்க அவனுக்குக் கட்டுப்படியாகாது. கஃபீல்தான் மனமிரங்கி அதில் தங்க விட்டிருந்தார்.

அதற்குள் ஓர் அலாரம் இருந்தது. கார்பன் மோனாக்சைடு, அதாவது மணமும் நிறமும் இல்லாத விஷவாயு, சேர்ந்தால் கத்தும். அது தினமும் மத்தியானம் கத்தியது. சும்மா இல்லை, ஊரையே கூட்டுகிற கத்தல். மேனேஜர் வந்து, "இந்தச் சத்தம் நிக்கலைன்னா வண்டியைக் காலி பண்ணிடணும், கலாஸ், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். காலி பண்ணினால் அந்தப் பெண்ணும் பிள்ளையும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

எலக்ட்ரீஷியன் நான். நான் இல்லாமல் அந்த கராஜில் ஒரு பல்பு எரியாது என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம். பேட்டரியை மாற்றினேன். பிறகு அலாரத்தையே மாற்றினேன். புதுசும் கத்தியது. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அன்றைக்குப் பார்த்து அவள் குழந்தையைக் குளிப்பாட்டியிருந்தாள், சாம்பிராணி வாசனை வந்தது. போதாதா எனக்கு!

"ஏம்மா, இங்க வந்தும் புகை போடணுமா? பொய் அலாரமா அடிக்குது பாரு."

"வெளிய நின்னுதாண்ணே காட்டுறேன். உள்ள கொண்டாறதே இல்ல."

"எனக்குப் பாடம் நடத்தாத."

அவள் புருஷனிடமும் அதையே சொன்னேன், நாலு பேர் முன்னால். அவன் உள்ளே போய் அவளைத் திட்டியது வெளியே கேட்டது. நான் டீ குடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் சாம்பிராணியை நிறுத்தினாள். அலாரம் நிற்கவில்லை. ஒளித்து வைத்துப் போடுகிறாள் என்று அவன் நம்பினான். நம்ப வைத்தவன் நான். அவளை ஊருக்கு அனுப்ப டிக்கெட் போடப் போவதாகச் சொன்னான்.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் என் பிக்கப் வண்டியில் சாய்ந்து கிடப்பது வழக்கம். அந்த வெயிலில் நிழல் என்றால் மோட்டார் வீட்டின் ஓரம்தான். இஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொள்வேன். அங்கே யார்தான் இஞ்சினை அணைக்கிறார்கள்? கடைக்குள் போனாலும் வண்டி வெளியே ஓடிக்கொண்டுதான் இருக்கும். மறுநாளும் அலாரம் அடித்தது. தூக்கம் கெட்ட கோபத்தில் கதவைத் தட்டி உள்ளே ஏறினேன். சாம்பிராணி வாசனையே இல்லை. பெட்ரோல் புகைதான் நாறியது. ஜன்னல் வழியே குனிந்து பார்த்தேன். என் பிக்கப்பின் புகைக்குழாய், மோட்டார் வீட்டின் காற்றுத் துவாரத்துக்கு நேர் எதிரே இருந்தது.

"மத்தியானமானா தலை வலிக்குதுண்ணே. பாப்பா மட்டும் நல்லாத் தூங்குது" என்றாள்.

ஐயோ! அது தூக்கமில்லை, என் வண்டிப் புகையின் மயக்கம். "பிள்ளையத் தூக்கிட்டு வெளிய வாம்மா, வா!" என்று அலறினேன். ஓடிப்போய் இஞ்சினை அணைத்தேன். வெளிக்காற்று பட்டதும் குழந்தை முகத்தைச் சுளித்து வீறிட்டு அழுதது. என்னையறியாமல் கும்பிட்டேன். அப்புறம் அலாரமும் அடங்கிவிட்டது.

அவள் பிக்கப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இரண்டு பேரையும் கிளினிக்கில் காட்டினேன். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அன்று வெளி சைட்டுக்கு வேலைக்குப் போயிருந்த புருஷனுக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லிடுங்கண்ணே. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

வெட்கத்தில் காது சுட்டது. "தம்பி, அது சாம்பிராணியால இல்லப்பா. ஏதோ வண்டிப் புகை உள்ள போயிருக்கு" என்றேன். என் வண்டி என்று சொல்ல வாய் வரவில்லை.

"சாம்பிராணிய விடுங்கண்ணே," என்றாள் அவள். "என் மேல தப்பில்லன்னு சொல்லுங்க."

சொன்னேன். என் வண்டிதான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் போனை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு, அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள்.