பூட்டி வைத்த உயிர்காப்பு அங்கிகள்

எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் கல்முனைக் கரையில் சொந்த உழைப்பில் மூன்று படகுகள் வாங்கியவன் நான். படகுகளைப் பரிசோதிக்க வந்த கடல் பாதுகாப்பு அதிகாரிக்கு, படகின் முன்பெட்டிப் பூட்டைத் திறந்து புத்தம் புதிய உயிர்காப்பு அங்கிகளைப் பெருமையாகக் காட்டினேன்.

“பூட்டி வெச்சா அவசரத்துக்கு எப்படி எடுக்கிற ஹாஜியார்?”

“தொறந்து வெச்சா களவு போகும் சேர். நீங்களா வாங்கித் தருவீங்க?” என்றேன். பக்கத்தில் நின்ற என் தங்கையின் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த வாரம் நானும் அவரும் போன படகு பெரிய அலையில் கவிழ்ந்தது. நான் எண்ணெய்க் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்தேன். அவர் கவிழ்ந்த படகை நகத்தால் பற்றிக்கொண்டு, “மச்சான், சாவியத் தாங்க!” என்று கத்தினார். சாவி என் இடுப்பு வாரில் இருந்தது. அதை எடுக்கக் கேனை விட வேண்டும். நான் விடவில்லை. வேறு படகு வந்து சேர்ந்தபோது என்னைத்தான் தூக்கினார்கள், அவரைக் காணவில்லை.

இப்போது என் படகுகளில் பூட்டே இல்லை. கரையிலேயே அங்கியை மாட்டாதவனை ஏற்றமாட்டேன். “வேர்க்கிது ஹாஜியார்” என்று முனகுகிறவனிடம் ஒன்றுதான் கேட்பேன்:

“என்ட தங்கச்சி புருசன எழந்து, வெள்ள உடுத்து வீட்டுக்குள்ளயே இத்தா இரிக்கா. ஒன்ட பொஞ்சாதியையும் இருத்தப் போறியா?”