வினுஷாவின் விருந்துக்குப் பட்டர் குழைத்தவர்

பட்டர் இளகும் மணம் வந்தாலே பொனிபஸுக்கு வயிற்றைப் புரட்டியது. கடல் கடந்து வந்து குடியேறிய மல்கிரேவில், அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே உள்ள ஒரு கன்ரீனில் அவர் பல வருடமாகச் சமையல்காரர். பட்டரைக் கண்டு முகம் சுளிக்கிற சமையல்காரன் எங்காவது உண்டா என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டதுண்டு. மனைவி அன்னமலர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில்தான் அப்படி ஆகிப்போனது. வேலை முடிந்ததும் நேரே அவளிடம் ஓடுவார். மருந்து ஏற்றிய உடம்புக்கு எந்த மணமும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கட்டிலருகே போனதும் அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

"கோவிக்காதேங்கோ. உங்களில பட்டர் மணக்குது."

கார் தரிப்பிடத்தில் வைத்துச் சட்டை மாற்றிப் பார்த்தார். தேசிக்காய்ப் பாதியால் கைகளை உரஞ்சிக் கழுவிப் பார்த்தார். மணம் தோலுக்குள் இறங்கிவிட்டது போலிருந்தது. கடைசி வரைக்கும் அவள் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் புதைத்து மூன்று கிழமை ஆகியிருந்தது. இப்போது அவர் தன் குசினியில் நின்று ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் பட்டர் குழைத்துக்கொண்டிருந்தார்.

சுட்ட உள்ளியை நசித்துப் போட்டார். இடித்த மிளகு, வறுத்த செத்தல் மிளகாய்த் தூள், தேசிக்காய்த் தோல் துருவல் எல்லாம் போட்டார். எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த கறிவேப்பிலையைக் கையால் நொறுக்கித் தூவினார். கறிவேப்பிலை போடுவது அன்னமலர் தொடங்கிவைத்த பழக்கம். குழைத்ததை நீட்டாக உருட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் பிரிட்ஜில் வைத்தார். பிறகு கழிப்பறைக்குப் போய் ஓங்காளித்தார். ஒன்றும் வரவில்லை.

விருந்து வினுஷாவுடையது. அவளுக்கு இருபத்தொரு வயது. அவளுடைய அப்பா மகேந்திரராஜாவும் அம்மா கல்யாணியும் கிளென் வேவர்லியில் வீடு வாங்கிய காலத்தில் இருவருமே இரண்டு வேலை பார்த்தார்கள். பிள்ளையை அன்னமலரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பால்போச்சி குடித்த நாளிலிருந்து ஹைஸ்கூல் போகும் வரைக்கும் வினுஷா வளர்ந்தது பொனிபஸ் வீட்டில்தான். அவருக்கும் அன்னமலருக்கும் பிள்ளைகள் இல்லை. ஒரு கோடை விடுமுறையில் பொனிபஸ் கன்ரீனில் மிஞ்சிய சின்னச் சின்ன பன்களைக் கொண்டுவந்தார். அன்னமலர் மாட்டிறைச்சி ஸ்டேக் சுட்டு, மெல்லிசாக அரிந்து, இந்தப் பட்டரை மேலே வைத்து மூடி, ஸ்லைடர் என்று கொடுத்தாள். வினுஷா தாடையில் பட்டர் வடிய வடியத் தின்றாள். அன்றைக்கே அன்னமலர் வாக்குக் கொடுத்துவிட்டாள்: "உன்ர இருபத்தொண்டுக்கு நானும் அங்கிளும் வந்து சுட்டுத் தருவம்."

அன்னமலரின் தேவாலயப் பூசைக்கோ அடக்கத்துக்கோ அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. மகேந்திரராஜா போன் எடுத்தார்.

"பொனிபஸ், குறை நினையாதையும். வீட்டில நல்ல காரியம் வருது. கோயில்ல நேர்த்தியும் வச்சிருக்கிறம். செத்தவீட்டுக்கு வந்தால் துடக்கெல்லோ."

"ஓம், விளங்குது. பிள்ளைக்குச் சொல்லுங்கோ."

"ஓமோம், சொல்லுறன்."

சாவுத் தீட்டு, துடக்கு என்பதைப் பொனிபஸ் ஏற்றுக்கொண்டார். அவர் பிறந்த மன்னாரில், அவருடைய தெருவிலும் அந்தப் பேச்சு இருந்தது. அவரால் விழுங்க முடியாமல் இருந்தது வினுஷாவின் மௌனம். ஒரு போன் இல்லை. ஒரு வரி மெசேஜ் இல்லை. மடியில் வைத்துச் சோறூட்டிய பிள்ளை. அவளும் துடக்குக்குப் பயந்துதான் ஒதுங்கினாளா? அன்னமலர் அவளுக்கு வெறும் சம்பளத்துக்குப் பிள்ளை பார்த்த பொம்பிளைதானா? இந்தக் கேள்வி தொண்டையில் மீன்முள்ளைப் போல நின்றது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மகேந்திரராஜா மறுபடி போன் எடுத்தார்.

"அந்த ஸ்லைடர் விசயம். பிள்ளை அதைத்தான் கேட்டுக்கொண்டு நிக்கிறாள்."

"துடக்கு?"

"கராஜில வச்சுத்தானே சுடப்போறீர். வீட்டுக்குள்ள வராட்டிச் சரி. ஐயரையும் ஒரு சொல்லுக் கேட்டனான். எப்பிடியும் மாட்டிறைச்சி வீட்டுக்குள்ள வரேலாது, கல்யாணி விடமாட்டா. அப்ப எல்லாத்துக்கும் கராஜ் வசதி."

போனை வைத்த பிறகு பொனிபஸ் நெடுநேரம் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். அழுக்கை எங்கேயோ தொட்டுவிட்டதைப் போலிருந்தது. ஆனாலும் போனில் ஓம் என்றுவிட்டிருந்தார். வினுஷாவின் முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும். பார்த்தால் தெரிந்துவிடும்.

ஞாயிறு பின்னேரம். கராஜ் கதவைப் பாதிக்கு இறக்கி விட்டிருந்தார்கள், ஹோலுக்கு வருகிறவர்களின் கண்ணில் படாமல். உள்ளே கல்யாணியின் கோயில் நண்பிகளுக்கு வடையும் மோதகமும் போய்க்கொண்டிருந்தன. பொனிபஸ் இரும்புத் தட்டைக் காய வைத்து இறைச்சியைப் போட்டார். கொழுப்பு வெடித்துச் சிதறியது. இரண்டு பக்கமும் சிவக்க எடுத்து ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே அரிந்தார். பன்னை வாட்டினார். பட்டரை வட்டமாக வெட்டி மேலே வைத்தார். அது இளகி, கறிவேப்பிலைத் துணுக்குகளோடு வழிந்தது. அவர் வாயால் மூச்சு விட்டுக்கொண்டார்.

பியர் குடிக்க வந்த ஆண்கள் ஒவ்வொருவராகக் கதவுக்குக் கீழே குனிந்து நுழைந்தார்கள். நெற்றியில் திருநீறு பூசிய ஒருவர் தட்டை எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, இது என்ன இறைச்சி?"

"நீங்கள் என்னெண்டு நினைக்கிறியளோ, அதுதான்."

"அப்ப ஆடு," என்றார் அவர், சிரித்துக்கொண்டே. மூன்றாவதை எடுக்கும்போது, "வீட்டுக்காரி வந்தால் சொல்லும்," என்று வாசல் பக்கம் நின்ற ஒருவரைக் காவலும் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பினார். பாதி கடித்த பன்னொன்றை யாரோ பெயின்ற் வாளியின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதில் பட்டர் உறைந்து மஞ்சள் சளியைப் போல ஒட்டிக்கிடந்தது. எல்லாரும் அவருடைய தோளில் தட்டி "நல்லாயிருக்கு" என்றார்கள். அன்னமலரைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. அந்தச் சொல்லும் துடக்காக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

பட்டுச்சேலை தரையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி கல்யாணி வந்தாள். அவரிடமிருந்து நாலடி தள்ளி நின்றாள்.

"அண்ணை, ஒரு உதவி. வினுஷாக்கு நாங்கள் இன்னும் சொல்லேல்லை."

"எதை?"

"அன்ரியின்ர விசயத்தை."

பொனிபஸ் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"பிள்ளை நேர்சிங் ட்ரெயினிங்கில பெண்டிகோவில நிண்டவள். பிறகு எக்சாம். பிறகு இது. அன்ரிக்கு ட்ரீட்மென்ற் நடக்குது, போன் பண்ணிக் கரைச்சல் குடுக்காதை எண்டு சொல்லி வச்சிருக்கிறம். கேக் வெட்டி முடியட்டும். நாளைக்கு நாங்களே பக்குவமாச் சொல்லுறம். தெரியாதவரைக்கும் அவளுக்குத் துடக்கும் இல்லைத்தானே?"

தொண்டையில் நின்ற முள் சட்டென்று இறங்கியது. பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளை ஒதுங்கவில்லை. ஆனால் அந்த ஆறுதலைத் தள்ளிக்கொண்டு, அதைவிடப் பெரிய அருவருப்பு ஒன்று நெஞ்சுக்குள் ஏறியது. மூன்று கிழமையாக இந்த வீட்டில் அன்னமலரை உயிரோடு வைத்திருக்கிறார்கள், ஒரு கேக்குக்காக.

"என்னண்ணை, சரியோ?"

அவர் பதில் சொல்வதற்குள் கதவடியில் குதிக்கால் செருப்பின் சத்தம் கேட்டது. வினுஷா குனிந்து நுழைந்து, பின்னாலிருந்து அவரைக் கட்டிப்பிடித்தாள்.

"அங்கிள்! கராஜில ஏன் ஒளிச்சு நிக்கிறீங்கள்? அன்ரி எங்க?"

கல்யாணி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டில," என்றார் பொனிபஸ். "ஏலாமல் படுத்திருக்கிறா."

சொன்ன வாய் கசந்தது. கல்யாணி தலையை மெல்ல ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

"ப்ராமிஸ் பண்ணினவ, ஏமாத்திப்போட்டா," என்று வினுஷா சிணுங்கினாள். "பரவாயில்லை. நாளைக்கு நான் வாறன். இப்ப அவவுக்கு ரெண்டு கட்டித் தாங்கோ. இல்லை, விடுங்கோ, நானே கட்டுறன்."

அவள் அலுமினியத் தாளைக் கிழித்தாள். இரண்டு ஸ்லைடரை எடுத்து, மேல்மூடியைத் திறந்து, பட்டரை முக்கால்வாசி வழித்து எறிந்தாள்.

"இப்ப அவவுக்கு இந்த மணம் ஒத்துக்கொள்ளாது, என்ன? முந்தி ஒருநாள் போனில சொன்னவ. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவ. நீங்கள் பாவமாம், சட்டை சட்டையா மாத்துறீங்களாம்."

சூடான பொட்டலத்தை அவருடைய கையில் வைக்கப் போனாள். அவருடைய கை மேலே வரவில்லை. பொட்டலம் இருவருக்கும் நடுவில் நின்றது.

"அங்கிள்?"

"பிள்ளை, அன்ரி இல்லை."

"இல்லையெண்டா?"

"மூண்டு கிழமையாச்சு. நான் இப்ப சொன்னது பொய்."

அவள் அழவில்லை. கிழிந்த கன்வஸ் கதிரை ஒன்று கிடந்தது, அதில் இருந்துவிட்டாள். பொட்டலம் மடியில். "எப்பிடி?" என்று கேட்டாள். இந்த மூன்று கிழமையில் அவரிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். எல்லாரும் "கவலைப்படாதேங்கோ" என்றுவிட்டுப் போனவர்கள். அவர் தட்டுக்கு முன்னாலேயே நின்று சொன்னார். விடியப்புறம் மூச்சு மாறியதை, நேர்ஸ் ஒருத்தி ஜன்னலைத் திறந்துவிட்டதை, சாமியார் வருவதற்குள் முடிந்துவிட்டதை. இறைச்சி கருகிப் புகைத்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

மகேந்திரராஜா வந்தார். ஒரே பார்வையில் விசயம் விளங்கிவிட்டது.

"சொல்லிப்போட்டீரோ! ஒரு மணித்தியாலம் பொறுத்திருக்கேலாதோ, ஐசே?" பிறகு மகளிடம் குரலைத் தணித்தார். "அங்க ஆக்கள் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். ரெண்டே ரெண்டு நிமிசம், செல்லம். கேக்கை வெட்டிப்போட்டு வந்து அழன்."

வினுஷா தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள். தெருவில் மிதித்துவிட்ட எதையோ செருப்பில் பார்ப்பதைப் போலப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியும். எனக்குச் சொல்லேல்லை. ஆனா அங்கிளைக் கூப்பிட்டு வச்சுச் சமைக்க விட்டிருக்கிறீங்கள்."

"உன்ர நன்மைக்குத்தான்..."

"அங்கிள், அன்ரியை எங்க அடக்கம் செய்திருக்கு?"

"ஸ்பிரிங்வேல்ல."

"இருட்ட முதல் போகலாமோ?"

பொனிபஸ் ஏப்ரனைக் கழற்றினார். பின்னால் வந்த கல்யாணி வாயில் கையை வைத்தாள். "இந்த உடுப்போடயா? பிறந்தநாளில சுடலைக்கோ? ஐயோ, நேர்த்தி..."

வினுஷா அதற்குள் வெளியே நின்ற பொனிபஸின் வான் வண்டியில் ஏறிவிட்டாள். பொனிபஸ் கதவைத் திறக்கும்போது, திருநீறு பூசியவர் வெறும் தட்டோடு கராஜுக்கு வெளியே நின்றார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"அண்ணை, இன்னும் ரெண்டு வருமோ?"

"காஸ் எரியுது, இறைச்சி கிடக்குது," என்றார் பொனிபஸ். "நீங்களே சுட்டுத் தின்னுங்கோ."